ஊளம்பாறையும் 84ஆம் பிரிவும்: நீதிமன்றம் மருத்துவரிடம் கேட்கும் கேள்வியின் வரலாறு

சில ஊர்ப்பெயர்கள் நிலத்தை இழந்து வசைச்சொற்களாகிவிடுகின்றன. சென்னையில் ஒருவரைக் ‘கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்ப வேண்டும்’ என்று சொன்னால் அதை எவரும் முகவரியாகக் கொள்வதில்லை. வட இந்தியாவில் ஆக்ராவும் ராஞ்சியும், மலபாரில் குதிரவட்டமும், தென்கேரளத்தில் ஊளம்பாறையும் இதே கதியை அடைந்தவை. 1956 வரை திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த குமரி மாவட்டத்துத் தமிழிலும் ஊளம்பாறை என்ற பெயர் இந்தப் பொருளோடு வழங்குகிறது. மாநில எல்லை மாறிய பின்னும் வசையின் எல்லை மாறவில்லை.

திருவனந்தபுரத்தில் பேரூர்க்கடைக்கு அருகே ஊளம்பாறையில் உள்ள அரசு மனநல மையம் ஏறத்தாழ 500 படுக்கைகள் கொண்டது. பயிற்சிக்கு வரும் மருத்துவ மாணவர் அங்கே இரண்டு வகை மனிதர்களைப் பார்க்கிறார். ஒரு வகையினர் தாமாகவோ குடும்பத்தார் அழைத்துவந்தோ சேர்ந்தவர்கள். மற்றொரு வகையினர் நீதிமன்ற ஆணையோடு, காவலர் துணையோடு வந்தவர்கள். முதல் வகையினர் விஷயத்தில் மருத்துவரிடம் எதிர்பார்க்கப்படுவது சிகிச்சை. இரண்டாம் வகையினர் விஷயத்தில் சிகிச்சைக்கு முன்பே ஒரு விடை எதிர்பார்க்கப்படுகிறது. இவர் விசாரணையைத் தாங்கும் நிலையில் இருக்கிறாரா? செயலைச் செய்த நேரத்தில் அது என்னவென்று அறிந்திருந்தாரா? தடயவியல் மனநல மருத்துவம் என்ற துறை இந்த இரண்டு கேள்விகளின்மேல் நிற்கிறது. இந்தக் கேள்விகளை மருத்துவம் உருவாக்கவில்லை. நீதிமன்றம் உருவாக்கி மருத்துவத்தின் கையில் கொடுத்தது. அதற்கு ஒரு வரலாறு உண்டு. அது லண்டன் தெருவொன்றில் தொடங்கி ஊளம்பாறை வார்டு வரை வருகிறது.

1

மனநலக் காப்பகங்களின் இந்திய வரலாறு பொதுவாகக் கம்பெனி நகரங்களிலிருந்து எழுதப்படுகிறது. சென்னையில் 1794இல் வாலண்டைன் கொனொலி என்ற அறுவை மருத்துவர் ஒரு காப்பகத்தை நடத்தத் தொடங்கினார். கீழ்ப்பாக்கத்துக் காப்பகம் 1871இல் வந்தது. இடையில் 1858ஆம் ஆண்டின் காப்பகச் சட்டம், கலகத்துக்குப் பிந்தைய அரசு எல்லாவற்றையும் ஒழுங்குக்குள் கொண்டுவர முயன்ற அதே ஆண்டில், சித்தம் கலங்கியவர்களையும் ஒழுங்குக்குள் கொண்டுவந்தது.

திருவிதாங்கூர் இந்தக் கதையில் சற்று விலகி நிற்கிறது. அது சமஸ்தானம். பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டங்கள் அங்கே தாமாகச் செல்லுபடியாவதில்லை. ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் ஆட்சிக்காலம் 1860 முதல் 1880 வரை. அதன் முதற்பாதியில் திவானாக இருந்தவர் கும்பகோணத்தில் பிறந்த சர் டி. மாதவராவ். தலைநகரில் பொது மருத்துவமனை 1865இல் எழுந்தது. மனநலக் காப்பகம் 1870இல் வந்தது. பூஜப்புரை மத்தியச் சிறை 1886இல் வந்தது. மருத்துவமனை, காப்பகம், சிறை ஆகிய மூன்றும் ஒரே நகரத்தில் ஏறத்தாழ இருபதாண்டு இடைவெளியில் அமைந்தன. நவீன அரசு தன் குடிமக்களை நோயுற்றவர், சித்தம் கலங்கியவர், குற்றம் செய்தவர் என்று பிரித்துத் தனித்தனி மதில்களுக்குள் வைக்கக் கற்றுக்கொண்ட காலம் அது.

மூன்று மதில்களும் தெளிவாக எழுந்தன. அவற்றுக்கிடையே எந்த அறையிலும் பொருந்தாத ஒருவர் இருந்தார். கொலை செய்தவர், ஆனால் ஏன் செய்தார் என்று கேட்டால் வானத்திலிருந்து வந்த குரலைச் சொல்பவர். அவரைச் சிறைக்கு அனுப்புவதா, காப்பகத்துக்கு அனுப்புவதா? திருவிதாங்கூர் தன் தண்டனைச் சட்டத்தைப் பிரிட்டிஷ் இந்தியச் சட்டத்தைத் தழுவியே அமைத்துக்கொண்டது. ஆகவே இந்த மனிதரைப் பற்றிய கேள்வியும் அந்தச் சட்டத்தின் சொற்களிலேயே திருவனந்தபுரத்துக்கு வந்து சேர்ந்தது.

2

அந்தச் சொற்கள் உருவான விதம் கவனிக்கத்தக்கது. மெக்காலேயின் சட்ட ஆணையம் 1837இல் அளித்த வரைவில் இதற்கென அடுத்தடுத்து இரண்டு விதிகள் இருந்தன. பிறவியிலேயே அறிவு வளராதவரின் செயல் குற்றமாகாது என்பது ஒன்று. பித்தாலோ சன்னியாலோ விளைந்த செயல் குற்றமாகாது என்பது மற்றொன்று. இரண்டாவதில் கேட்கப்படுவது காரணத்தொடர்பு மட்டுமே. செயல் நோயிலிருந்து பிறந்ததா? ஆம் எனில் குற்றமில்லை. அந்த மனிதருக்கு என்ன தெரிந்திருந்தது, என்ன தெரியாமலிருந்தது என்ற ஆராய்ச்சி அங்கே இல்லை.

வரைவு சட்டமாவதற்குள் லண்டனில் ஒரு துப்பாக்கி வெடித்தது. 1843 சனவரியில் டேனியல் மக்னாட்டன் என்ற ஸ்காட்லாந்து மரக்கடைசல்காரர், பிரதமர் ராபர்ட் பீலின் தனிச்செயலர் எட்வர்ட் டிரம்மண்டைப் பின்னாலிருந்து சுட்டார். சில நாள்களில் டிரம்மண்ட் இறந்தார். டோரி கட்சியினர் தம்மைப் பின்தொடர்ந்து துன்புறுத்துவதாக மக்னாட்டன் உறுதியாக நம்பினார். மருத்துவர்கள் சாட்சியம் அளித்தனர், நடுவர் குழு அவரைக் குற்றமற்றவர் என்றது, நாடு கொதித்தது. பிரபுக்கள் சபை நீதிபதிகளை அழைத்துச் சில கேள்விகளைக் கேட்டது. அவர்கள் அளித்த விடைகளே மக்னாட்டன் விதிகள். செயலின் தன்மையையோ அது தவறு என்பதையோ அறிய முடியாத அளவுக்கு அறிவு பழுதுபட்டிருந்தால் மட்டுமே விலக்கு என்று அவ்விதிகள் வரையறுத்தன.

1860இல் நிறைவேறி 1862 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவில் மெக்காலேயின் ‘பித்தால் விளைந்த செயல்’ இல்லை. அந்த இடத்தில் மூன்று அடுக்குகள் வந்திருந்தன. செயலைச் செய்த நேரத்தில், சித்த சுவாதீனமின்மை காரணமாக, செயலின் இயல்பையோ அது தவறானது அல்லது சட்டத்துக்கு மாறானது என்பதையோ அறிய இயலாதவராக இருக்க வேண்டும். காரணத்தைப் பற்றிய கேள்வி அறிவைப் பற்றிய கேள்வியாக மாறியது. ஒரு வினைச்சொல் மாறியதால் ஒரு நோயாளிக் கூட்டமே விதிக்கு வெளியே தள்ளப்பட்டது. தன் செயல் கொலை என்று அறிந்தும், நோயின் உந்துதலைத் தடுக்க முடியாமல் செய்தவருக்கு 84ஆம் பிரிவில் இடமில்லை. 1971இல் சட்ட ஆணையம் தன் 42ஆம் அறிக்கையில் இந்தப் பிரிவை மறுபரிசீலனை செய்து, மாற்றம் தேவையில்லை என்று விட்டுவிட்டது.

மற்றொரு நுட்பமும் உண்டு. சட்டம் பயன்படுத்தும் ‘சித்த சுவாதீனமின்மை’ என்ற தொடருக்குச் சட்டத்திலேயே வரையறை இல்லை. அது நோயின் பெயரன்று. எந்த மருத்துவ நூலும் அந்தப் பெயரில் ஒரு நோயை விவரிப்பதில்லை. மனச்சிதைவு, இருதுருவக் கோளாறு, ஆழ்ந்த மனச்சோர்வு என்று மருத்துவம் பெயரிடுகிறது. அவற்றில் எது எந்த அளவில் சித்த சுவாதீனமின்மை ஆகும் என்பதை நீதிமன்றம் வழக்குக்கு வழக்கு முடிவு செய்கிறது. சட்டப்படியான பித்தும் மருத்துவப்படியான பித்தும் வேறு வேறு என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. ஊளம்பாறைக்கு வரும் மாணவர் முதலில் தடுமாறும் இடம் இதுதான். அவர் கண்டறிந்த நோய் சரியாகவே இருக்கலாம், ஆனாலும் அது நீதிமன்றம் கேட்ட கேள்விக்கு விடையாகிவிடாது.

3

அந்தத் தடுமாற்றத்துக்குக் கல்வியின் அமைப்பிலும் ஒரு காரணம் இருக்கிறது. இந்திய மருத்துவக் கல்லூரிகளில் இந்தப் பொருள் நெடுங்காலம் மனநலத் துறையின் பாடமாக இல்லை, சட்ட மருத்துவத்தின் பாடமாகவே இருந்தது. நார்மன் செவர்ஸ் வங்காளத்துக்கென 1856இல் எழுதிய கையேடும், ஜெய்சிங் மோதி 1920இல் வெளியிட்டு இன்றுவரை திருத்திப் பதிப்பிக்கப்படும் பாடநூலும் இந்த மரபின் தூண்கள். நஞ்சு, காயம், தூக்கு, நீரில் மூழ்கல் ஆகியவற்றோடு பித்தும் ஓர் இயலாக அங்கே இடம்பெற்றது. மாணவர் பிணவறையில் கற்ற அதே பாடத்திட்டத்தில், அதே ஆசிரியரிடம், மாயத்தோற்றத்துக்கும் பிழையுணர்வுக்கும் வேறுபாட்டைக் கற்றார். ‘தெளிவு இடைவேளை’ என்ற தொடரை மனப்பாடம் செய்தார். தேர்வில் எழுதினார். அந்த நிலையில் இருக்கும் ஒரு மனிதரோடு அரைமணி நேரம் பேசிப் பார்க்கும் வாய்ப்பு அந்தப் பாடத்தில் இல்லை.

திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரி 1951இல் தொடங்கியது. கேரளத்தின் முதல் மருத்துவக் கல்லூரி அதுவே. 80 ஆண்டுகளாக மதிலுக்குள் தனித்திருந்த காப்பகத்துக்கு அருகே ஒரு கல்லூரி வந்ததால் காப்பகத்துக்கும் வேறொரு முகம் கிடைத்தது. பூட்டி வைக்கும் இடமாக இருந்த ஒன்று, கற்றுக்கொள்ளும் இடமாகவும் ஆனது. ‘பித்தர் காப்பகம்’ என்ற பெயர் பிரிட்டிஷ் இந்தியாவில் 1920களின் தொடக்கத்திலேயே ‘மனநோய் மருத்துவமனை’ என்று மாறியிருந்தது, பின்னர் ‘மனநல மையம்’ என்றாயிற்று. பெயர்ப்பலகை மாறிய அளவுக்கு மக்கள் பேச்சு மாறவில்லை. மலையாளத்தில் ‘பிராந்தாலயம்’ என்ற சொல் இன்னும் உயிரோடிருக்கிறது. 1892இல் மலபார் வழியாகப் பயணம் செய்த விவேகானந்தர் அங்குக் கண்ட சாதிக் கொடுமைகளை 1897இல் சென்னையில் பேசியபோது, அந்த நாட்டையே பித்தர் விடுதியாக உருவகித்தார். கேரளத்துச் சீர்திருத்தப் பேச்சில் இன்றளவும் ‘பிராந்தாலயம்’ என்பது சமூகத்தைக் குறிக்கும் சொல். அந்த உருவகத்தின் புகழில், உண்மையான பிராந்தாலயத்தின் உள்ளே இருந்தவர்கள் பேச்சிலிருந்து மறைந்துபோனார்கள்.

4

நீதிமன்றம் அனுப்பும் ஒருவரை மருத்துவமனை எவ்வாறு பார்க்கிறது? 1912ஆம் ஆண்டின் இந்தியப் பித்தர் சட்டம் ஓர் அளவை வகுத்தது. நீதித்துறை நடுவர் ஒருவரை மருத்துவச் சான்றுக்காக 10 நாள் காவலில் வைக்கலாம். தேவையெனில் நீட்டிக்கலாம், மொத்தம் 30 நாளுக்கு மேற்படக்கூடாது. அந்தச் சட்டம் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது, அந்தச் சட்டமும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தால் நீக்கப்பட்டது. ஆயினும் ‘கூர்நோக்கில் வைத்தல்’ என்ற முறை துறைக்குள் நிலைத்துவிட்டது.

கூர்நோக்கு என்பது ஒருமுறை பேசி முடிவெடுப்பதன்று. ஒரு மணி நேர நேர்காணலில் எவரும் நடிக்க முடியும். இரவு பகலாகப் பல நாள் நடிப்பது கடினம். ஆகவே மருத்துவரைவிட அதிகம் பார்ப்பவர்கள் செவிலியரும் வார்டு உதவியாளரும்தான். அவர் எப்போது உறங்குகிறார், எவ்வளவு உண்கிறார், தன்னைத் தூய்மையாக வைத்துக்கொள்கிறாரா, எவரும் பார்க்காத வேளையில் தனக்குத்தானே பேசுகிறாரா, மற்ற நோயாளிகளோடு எவ்வாறு பழகுகிறார் என்ற குறிப்புகள் நாள்தோறும் சேர்கின்றன. நோயைப் பாசாங்கு செய்பவர் பெரும்பாலும் பித்து என்று ஊரார் நினைப்பதை நடிக்கிறார். கூச்சலிடுகிறார், எளிய கூட்டலுக்கும் தவறான விடை சொல்கிறார். உண்மையான மனச்சிதைவு பலவேளைகளில் ஓசையற்றது. முகம் உணர்ச்சியின்றி இருக்கும், பேச்சு குறையும், ஐயம் உள்ளுக்குள் வேலை செய்யும். பாசாங்குக்காரரைக் கண்டுபிடிப்பது ஒரு திறமை. அதைவிடக் கடினமானது, தான் நலமாக இருப்பதாக நடிக்கும் நோயாளியைக் கண்டுபிடிப்பது. பித்தன் என்ற பெயரைவிடக் கொலைகாரன் என்ற பெயரே மேல் என்று எண்ணுபவர் உண்டு.

இந்தக் கூர்நோக்கின் முதன்மைக் கருவி மொழி. மனநிலைப் பரிசோதனை என்று மருத்துவர் அழைப்பதில் பெரும்பகுதி பேச்சை ஆராய்வதே. பேச்சின் வேகம், தொடர்ச்சி, ஒரு கருத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் விதம், புதிதாகப் புனையப்பட்ட சொற்கள் ஆகியவை குறித்துக்கொள்ளப்படுகின்றன. அருவமாகச் சிந்திக்கும் திறனை அறியப் பழமொழிக்குப் பொருள் கேட்பது பழைய முறை. ‘யானைக்கும் அடி சறுக்கும்’ என்றால் என்ன என்று கேட்டால், பெரியோரும் தவறக்கூடும் என்று சொல்பவர் உண்டு, யானை வழுக்கி விழும் என்று சொல்பவரும் உண்டு. இரண்டாம் விடை நோயின் அறிகுறியாகக் கொள்ளப்படலாம். அது பள்ளிக்குச் செல்லாமையின் அறிகுறியாகவும் இருக்கலாம். பழமொழி வேறு மொழியிலிருந்து வந்திருந்தால் அது எதற்கும் அறிகுறியாகாது.

1956க்கு முன் திருவிதாங்கூரில் இந்தச் சிக்கல் தமிழுக்கும் மலையாளத்துக்கும் இடைப்பட்டதாக இருந்தது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் தமிழர்க்கும் தலைநகரம் திருவனந்தபுரமே. இருமொழியும் கலந்த நகரத்தில் ஒருவர் பேச்சை மற்றவர் ஏறத்தாழப் புரிந்துகொண்டனர். இன்றைய நிலை வேறு. திருவனந்தபுரத்திலுள்ள குலாட்டி நிதி மற்றும் வரிவிதிப்பு நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டு ஆய்வு, கேரளத்தில் வேலை செய்யும் வெளிமாநிலத் தொழிலாளர் எண்ணிக்கையை 25 லட்சத்துக்கு மேல் என மதிப்பிட்டது. வங்காளமும் ஒடியாவும் அசாமியமும் இந்தியும் பேசுபவர்கள். அவர்களில் ஒருவர் கைதாகிக் கூர்நோக்குக்கு அனுப்பப்பட்டால், கேட்பவர் மலையாளத்தில் நினைப்பார், சொல்பவர் வங்காளத்தில் நினைப்பார், இடையில் இருவருக்கும் அரைகுறையாகத் தெரிந்த இந்தி நிற்கும். சொல் தேடித் தயங்குவது சிந்தனைத் தடையாகப் பதிவாகக்கூடும். ஊர் வழக்கான தெய்வ நம்பிக்கை மாயநம்பிக்கையாகப் பதிவாகக்கூடும். அருள்வந்து ஆடுவதைப் பண்பாடாக அறிந்த மருத்துவருக்கு மற்றொரு நிலத்தின் அருளாட்டம் நோயாகத் தோன்றலாம். அறிக்கையில் எழுதப்படும் ஒவ்வொரு வரியும் நீதிமன்றத்தில் வாசிக்கப்படும் என்பதால், இங்கே மொழிபெயர்ப்புப் பிழை என்பது ஒரு மனிதரின் ஆண்டுகளைத் தீர்மானிக்கும் பிழை.

5

கேள்விகள் இரண்டு என்று தொடக்கத்தில் பார்த்தோம். அவை காலத்தால் வேறுபட்டவை. விசாரணையைத் தாங்கும் நிலை என்பது இன்றைய நிலை. மருத்துவர் அதை நேரில் காண்கிறார். செயலைச் செய்த நேரத்து நிலை என்பது கடந்துபோனது. கைதான ஒருவர் மருத்துவமனைக்கு வந்துசேரும்போது வாரங்களோ மாதங்களோ கடந்திருக்கும். இடையில் மருந்து தொடங்கியிருக்கலாம், நோய் தானே தணிந்திருக்கலாம், சிறைவாசத்தாலேயே புதிய நோய் பிறந்திருக்கலாம். இன்றைய முகத்தைப் பார்த்து அன்றைய அறிவை ஊகிக்க வேண்டும். அதற்கு மருத்துவர் பழைய மருந்துச் சீட்டுகளையும், அண்டை வீட்டார் கூற்றையும், செயலுக்கு முன்னும் பின்னும் அவர் நடந்துகொண்ட விதத்தையும் நாட வேண்டியிருக்கிறது. ஓடி ஒளிந்தாரா, கத்தியைக் கழுவினாரா, அங்கேயே அமர்ந்திருந்தாரா?

1964இல் தாயாபாய் தக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கொரு வழி வகுத்தது. சித்த சுவாதீனமின்மையை மெய்ப்பிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது. ஆனால் அரசுத் தரப்பைப் போல் ஐயத்துக்கிடமின்றி அவர் மெய்ப்பிக்க வேண்டியதில்லை, நிகழ்தகவு அவர் பக்கம் சாய்ந்தால் போதும். அதுவும் முடியாதபோதும், அவர் கொண்டுவந்த சான்றுகள் குற்ற மனம் இருந்ததா என்பதில் நியாயமான ஐயத்தை எழுப்பினால் அந்த ஐயத்தின் பலன் அவருக்கே. சட்ட மாணவர்க்கு இது சான்றுச் சட்டத்தின் பாடம். மருத்துவ மாணவர்க்கு இது வேறொன்றைக் கற்பிக்கிறது. உறுதியாகத் தெரியாததை உறுதியாகத் தெரியாது என்றே எழுதலாம். அந்த வரிக்கும் நீதிமன்றத்தில் மதிப்புண்டு.

2008ஆம் ஆண்டுத் திருத்தம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இந்த இயலில் மனநல மருத்துவரையும் மருத்துவ உளவியலாளரையும் பெயர் சொல்லிக் கொண்டுவந்தது. அதுவரை ‘சிவில் சர்ஜன்’ என்ற பொதுப்பெயரே முதன்மையாக இருந்தது. அவர்களது கருத்தில் குறைகாண்பவர் மேல்முறையீடு செய்ய ஒரு மருத்துவ வாரியமும் வகுக்கப்பட்டது. அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுத் தலைவர் ஒருவர், அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியின் மனநல ஆசிரியர் ஒருவர் என இருவர் கொண்ட வாரியம். 1951இல் கல்லூரிக்கும் காப்பகத்துக்கும் இடையே தொடங்கிய உறவைச் சட்டம் இவ்வாறு நாடு முழுவதற்குமான விதியாக எழுதிவிட்டது.

6

இவ்வளவு நுட்பமான விதிகளுக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. விசாரணையைத் தாங்கும் நிலையில் இல்லை என்று ஒருவரைப் பற்றி அறிக்கை எழுதப்பட்டால் வழக்கு நிற்கிறது. வழக்கு நின்றால் தண்டனை இல்லை, விடுதலையும் இல்லை. மீண்டும் நலமடைந்தார் என்று எவரேனும் எழுதி, அதை எவரேனும் வாசித்து, நீதிமன்றம் வழக்கை மீண்டும் எடுக்கும்வரை அவர் காத்திருக்கிறார். காத்திருப்புக்கு நெடுங்காலம் எல்லை வகுக்கப்படவில்லை.

அசாமைச் சேர்ந்த மச்சல் லாலுங் 1951இல் கைதானார். தேஜ்பூர் மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். அவர் நலமடைந்துவிட்டார் என்று 1967இல் மருத்துவமனை தெரிவித்தது. அவர் வீட்டுக்கு அனுப்பப்படவில்லை, சிறைக்கு அனுப்பப்பட்டார். 2005இல் வெளியே வந்தபோது, விசாரணையே இன்றி 54 ஆண்டுகள் கழிந்திருந்தன. பீகாரின் ஹசாரிபாக் சிறையில் நலமடைந்த பின்னும் பல பத்தாண்டுகள் அடைபட்டிருந்தவர்களை வீணா சேத்தி வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. குற்றமே செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் வைப்பது அரசமைப்புக்கு முரணானது என்று ஷீலா பார்சே வழக்கில் 1993இல் தீர்ப்பளித்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தபோது, நீதிமன்ற ஆணை ஏதுமின்றியே மனிதர் எவ்வாறு கைதிகளாக முடியும் என்பதைத் தமிழகம் கண்டது.

ஊளம்பாறையும் இந்தப் பட்டியலுக்கு வெளியே இல்லை. 2012 ஆகஸ்டில், கைதாகி அங்கே அனுப்பப்பட்ட வட இந்திய இளைஞர் ஒருவர் உடலில் காயங்களுடன் இறந்தார். காவல்துறை விசாரணை நடந்தது, செய்தித்தாள்கள் சில வாரம் எழுதின. மருத்துவமனையின் காவல் பகுதியில் காவல் யாருடையது, சிறைத்துறையினுடையதா, காவல்துறையினுடையதா, மருத்துவருடையதா என்ற கேள்வி அந்தச் சாவுக்குப் பின் எழுந்தது. அது ஒரு நகரத்துக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. நோயாளி என்றால் கதவு திறந்திருக்க வேண்டும். கைதி என்றால் கதவு பூட்டியிருக்க வேண்டும். இரண்டுமாக இருப்பவரின் கதவருகே நிற்பவருக்கு எந்தப் பயிற்சி அளிக்கப்பட்டது?

2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 103ஆம் பிரிவு இதற்கொரு விடை தேடுகிறது. ஒவ்வொரு மாநிலமும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவிலாவது மனநல நிலையம் அமைக்க வேண்டும். சிறை மருத்துவர் காலாண்டுக்கு ஒருமுறை மனநல வாரியத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அந்த அறிக்கையின் வாசகம் விந்தையானது. சிறையில் மனநோயாளிகள் எவரும் இல்லை என்று சான்றளிக்க வேண்டும். சிறையில் மனநோய் பரவலாக இருப்பதை அறிந்த எந்த மருத்துவரும் எழுதத் தயங்கும் வாசகம் அது.

7

2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் அறிமுகமான பாரதிய நியாய சன்ஹிதா மசோதாவின் முதல் வடிவம், 84ஆம் பிரிவின் இடத்தில் ‘மனநோய்’ என்ற சொல்லை வைத்தது. 163 ஆண்டுகளில் முதன்முறையாகச் சட்டத்தின் சொல்லும் மருத்துவத்தின் சொல்லும் ஒன்றாகும் தருணம் வந்ததுபோல் தோன்றியது. நிலைக்குழு அதை ஏற்கவில்லை. மனநோய் என்பதன் பொருள் மிகவும் விரிந்தது, 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறையில் மதுவும் போதைப்பொருளும் சார்ந்த நிலைகளும் அடங்குகின்றன, விரும்பிக் குடித்தவரும் விலக்குக் கோருவார் என்பது அச்சம். டிசம்பரில் வந்த திருத்திய மசோதாவில் ‘சித்த சுவாதீனமின்மை’ திரும்பிவந்தது. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் 22ஆம் பிரிவு, எண் மாறிய 84ஆம் பிரிவே.

நிலைக்குழுவின் அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. நோய் என்ற ஒரு சொல் மட்டும் எல்லாப் பொறுப்பையும் கழற்றிவிட முடியாது. மனநோயாளர் அனைவரும் தம் செயலை அறியாதவர் என்று சட்டம் எழுதிவிட்டால், அவர்களது ஒப்பந்தமும் உயிலும் வாக்கும் அதே அளவுகோலால் கேள்விக்குள்ளாகும். நோயுள்ளவருக்கும் தன் வாழ்க்கை பற்றி முடிவெடுக்கும் திறன் உண்டு என்பதே 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடித்தளம். ஆயினும் பழைய சொல்லைத் திரும்பக் கொண்டுவந்ததால் பழைய இடைவெளியும் திரும்ப வந்தது. வரையறையற்ற ஒரு சட்டச்சொல்லுக்கும் வரையறுக்கப்பட்ட ஒரு மருத்துவச்சொல்லுக்கும் நடுவே பாலம் கட்டும் வேலை சட்டமன்றத்திலிருந்து மீண்டும் வார்டுக்கே வந்துவிட்டது.

வழக்கை முடிக்கும் தீர்ப்பின் வாசகத்தில்தான் இந்த வரலாறு முழுவதும் திரண்டு நிற்கிறது. சித்த சுவாதீனமின்மையால் ஒருவர் விடுவிக்கப்பட்டால், அந்தச் செயலைச் செய்தவர் அவர்தாமா என்பதை நீதிமன்றம் தனியாக எழுதியாக வேண்டும். பழைய நடைமுறைச் சட்டத்தின் 334ஆம் பிரிவும் இன்றைய சன்ஹிதாவின் 373ஆம் பிரிவும் இதையே சொல்கின்றன. ‘செய்தார், ஆனால் குற்றவாளி அல்லர்.’ அடுத்த பிரிவின்படி அவர் விடுதலையாகி வீட்டுக்குப் போவதில்லை. பாதுகாப்பான காவலுக்கோ, பொறுப்பேற்கும் உறவினரிடமோ ஒப்படைக்கப்படுகிறார். பொறுப்பேற்க உறவினர் வராதபோது, குற்றவாளி அல்லாத ஒருவருக்குக் காவல் மட்டும் எஞ்சுகிறது.

ஊளம்பாறையில் பயிற்சி பெறும் மாணவர் எழுதக் கற்கும் அறிக்கை பெரும்பாலும் இரண்டு பக்கத்துக்குள் அடங்குவது. அதில் நோயின் பெயர் இருக்கும், கூர்நோக்கிய நாள்கள் இருக்கும், கேள்விக்கு விடை இருக்கும். பின்னொரு நாளில் அவர் நலமடைந்தார் என்று எழுத வேண்டிய அடுத்த அறிக்கையும் அதே மேசையிலிருந்து போக வேண்டியது. தேஜ்பூரிலிருந்து 1967இல் அத்தகைய செய்தி போனது. மருத்துவர் தம் கடமையைச் செய்திருந்தார். அதற்குப் பின் 38 ஆண்டுகள் கழிந்தன. முதல் அறிக்கையை எழுதுவதற்குப் பாடநூல்கள் உள்ளன. இரண்டாம் அறிக்கை போய்ச்சேர்ந்ததா, அதன்மேல் ஆணை வந்ததா, அந்த மனிதர் வீடு திரும்பினாரா என்று கேட்டுக்கொண்டே இருப்பதற்கு எந்தப் பாடநூலும் இல்லை. அதையும் வார்டிலேயே கற்பித்தாக வேண்டும்.